லாக் சுத்தம்

சர்வர் அறையின் ஏசிக் காற்றில் வாய் நாற்றம் அடித்தது. பூஞ்சை நாற்றமில்லை, வயர் கருகிய நாற்றமுமில்லை. தூங்கி எழுந்து பல் துலக்காத ஒருவர் முகத்துக்கு நேரே வந்து கொட்டாவி விட்டால் அடிக்குமே, அந்த நாற்றம். கதவைத் திறந்ததுமே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, நாற்காலியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அப்புறமும் நுனியில்தான் உட்கார்ந்தார்.

அந்த ஆபீசின் கம்ப்யூட்டர்களெல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அடுத்தவர் கைபட்ட கீபோர்டைத் தொட்டுவிட்டால் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளில்லாத ஆபீசுக்கு அவரை வரவழைத்தது ஏசி ஒழுகல். கூட வந்தவன் அவர் மச்சினன், ஏசி மெக்கானிக், மனைவியின் ஒரே தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை.

"மாமா கை கழுவுற தண்ணியில ஒரு தெருவே குளிச்சிடலாம்" என்று சிரித்துக்கொண்டே அவன் தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்தான். அந்த அறைக்கு இரட்டைத் தரை. மேலே பலகைகள், கீழே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இருட்டு, அதில் வயர்களும் ஏசியின் தண்ணீர்க் குழாயும். டார்ச் அடித்துப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

"கீழ என்னமோ கொழகொழன்னு படிஞ்சிருக்கு மாமா. வெதுவெதுன்னு வேற இருக்கு. லாக் சுத்தமா?"

அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். முன்பொரு தடவை ஒரு மெஷினில் கைவைத்து ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டான். மெஷின் தன் கோளாறுகளைத் தானே எழுதிவைக்கிற ஈவென்ட் லாகில் எச்சரிக்கை வந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மாமா லாகைப் பார்த்து 'சுத்தம்' என்று சொன்ன பிறகுதான் அவன் எதிலும் கை வைப்பான்.

லாகைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை சிவப்புப் புள்ளிகள், எல்லாம் ஒரே பிழை. சர்வர் எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று நாடி பிடித்துச் சொல்லும் கவுண்டர்களில் ஒன்று தந்த தரவு, ஒதுக்கிய இடத்தைவிடப் பெரிதாம். எல்லா ஆபீசிலும் வருகிற தொல்லைதான். ஆனால் எந்தப் புரோகிராமின் கவுண்டர் என்று பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. கவுண்டர் பட்டியலை அழித்துப் புதிதாகக் கட்டினார். பிழை திரும்ப வந்தது. அளவு கூடியிருந்தது. மறுபடியும் கட்டினார். இன்னும் கூடியது. யாரோ சோறு போட்டு வளர்ப்பதுபோல.

என்டர் கீயிலிருந்து விரலை எடுத்தபோது கூடவே ஏதோ இழுபட்டது. மெல்லிய, நிறமில்லாத எச்சில் இழை.

கை கழுவ வேண்டும், இந்த அறையைவிட்டு வெளியே போக வேண்டும், அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் தொழிலில் அவசரக்காரர்கள் எல்லாரும் செய்வதையே செய்தார். பிழை சொல்கிற கவுண்டரை நிறுத்தினார். லாகைத் துடைத்தார். திரை வெள்ளையானது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று அவருக்கே உறுத்தியது. விரல் பிசுபிசுத்ததில் அந்த உறுத்தலும் போய்விட்டது.

"சுத்தம்," என்றார். "எறங்கு மாப்ள."

மச்சினன் குப்புறப் படுத்துத் தவழ்ந்தான். செருப்பில்லாத பாதங்கள் கடைசியாக உள்ளே போயின. அவர் குழாயடிக்கு ஓடினார்.

சோப்பு நுரையோடு நிற்கும்போது மனைவி போன் செய்தாள். "தம்பி வேலைய முடிச்சிட்டானா? சாப்பிடாமகூட கெளம்பிட்டான். சீக்கிரம் அனுப்பி வைங்க."

"இதோ, இப்ப அனுப்பிடறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது நாற்றம் கெட்டியாகியிருந்தது. நாக்கிலேயே ஒட்டியது. சர்வர் விசிறிகள் ஒரே சீராக ஓடவில்லை. இழுத்தன, நிறுத்தின, விட்டன. இழுத்தன, நிறுத்தின, விட்டன. திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அவர் நிறுத்திய அதே கவுண்டர். அளவு ஒரேயடியாக எகிறியிருந்தது.

பெயர் இருக்க வேண்டிய இடம் இப்போது காலியாக இல்லை. அங்கே மச்சினனின் செல்லப் பெயர் இருந்தது. அக்கா மட்டும் கூப்பிடுகிற பெயர்.

"மாப்ள."

பலகைகளுக்கு அடியில் ஈரமான சத்தம். பல்லில்லாத வாய் எதையோ சவைக்கிற சத்தம்.

"மாப்ள, போதும். மேல வா."

"லாக் சுத்தமா மாமா?"

அவன் குரல்தான். ஆனால் அறையின் மூலையிலிருந்து வந்தது. கதவோரத்திலிருந்தும் வந்தது. அவர் நாற்காலிக்கு அடியிலிருந்தும்.

திறந்த பலகை வழியே கை ஒன்று நீண்டது. நகத்தில் கிரீஸ் கறை. மணிக்கட்டில் அக்கா வாங்கித் தந்த கடிகாரம். கை முழுக்கச் சளிபோல வழிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அருவருப்பு பார்க்கவில்லை. மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அவனை அவன் அக்காவிடம் பத்திரமாகச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

கை வந்தது. மணிக்கட்டு வந்தது. முன்கை வந்தது. முழங்கை வர வேண்டிய இடம் வந்தது. முழங்கை வரவில்லை.

இன்னும் வந்தது. சூடாக. மெத்தென்று. எலும்பில்லாமல்.

பாக்கெட்டில் போன் அடித்தது. அவள்தான்.

அவர் பிடியை விட்டார். அந்த விரல்கள் அவர் விரல்களுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து கோத்துக்கொண்டன.

"லாக் சுத்தமா மாமா?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கை வந்துகொண்டே இருந்தது.