மூன்று வாசல், ஒரே நம்பர்

போன் அடித்தபோது அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன்.

"ஏய் வாத்து... வீட்டு மோடம் வயரைப் பிடுங்கி விட்டுட்டுப் போ. இங்க ரவுட்டர்ல கொஞ்சம் வேலை இருக்கு. நான் சொல்ற வரைக்கும் சொருகாதே."

"எனக்கு டூட்டிக்கு லேட்டாகுது. உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இதான்டி என் வேலை."

செருப்போடு உள்ளே ஓடினாள். பிடுங்கினாள். மறுபடி பூட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு, அவன் வேலை பார்த்த இன்டர்நெட் கம்பெனியின் பின்பக்கச் சிமென்ட் தரையில் கிடந்தான். மேலே மூன்று மாடி. கீழே உயிர் இல்லை.

பதினொன்று இருபதுக்கு அவனுடைய கம்பெனி மெயிலிலிருந்து முதலாளிக்கு ஒரே வரி போயிருந்தது.

'வாழப் பிடிக்கவில்லை.'

தற்கொலை என்றார் இன்ஸ்பெக்டர். மெயில் புறப்பட்ட ஐ.பி. முகவரி, அண்ணனின் வீட்டு இணைப்புக்குரியது. வீட்டுக்குப் போனான், எழுதினான், திரும்பி வந்து குதித்தான். ஃபைல் முடிந்தது.

அவளுக்கு முடியவில்லை.

வாடிக்கையாளர்களின் ரகசியங்களை முதலாளி விற்றதைப் பற்றி, திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்ல இருந்தவன் அண்ணன். சனிக்கிழமை சாவானா? ஒன்பது நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதையே சொன்னாள். ஒன்பது நாளும் 'நாளைக்கு வாம்மா.' செவிடன் காதில் சங்கு ஊதியவனுக்காவது சங்கு மிச்சம்... இவளுக்குத் தொண்டைகூட மிச்சமில்லை.

பத்தாவது நாள் இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்தார்.

"ஏம்மா, ஒரு முகவரின்னா ஒரு வீடு. இதுல என்ன குழப்பம்?"

"சார், கம்பெனியில இருக்கிற ரவுட்டர் மூணு வாசல் வச்ச வீடு மாதிரி. ஒரு வாசல் எங்க வீட்டு லைனுக்கு, ஒண்ணு கோடவுனுக்கு, ஒண்ணு முதலாளி ரூமுக்கு. வாசலுக்கு ஒரு நம்பர் வேணும்னு அண்ணன் கேட்டான். மூணுக்கும் ஒண்ணே போதும்னுட்டார் அவரு. எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன். எந்த வாசல் வழியா வெளியே போனாலும் ஒரே நம்பர்தான் சார் தெரியும். அன்னைக்கு எங்க வாசல் வயரை நானே பிடுங்கி வச்சிருந்தேன்."

இந்தத் தொல்லை ஒழிந்தால் போதும் என்றுதான் இன்ஸ்பெக்டர் அவளையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். அவளிடம் திருப்பிக் கொடுக்க, அண்ணனின் போனையும் சார்ஜ் ஏற்றி பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

முதலாளியின் அறை. முதலாளியின் கம்ப்யூட்டர். இன்ஸ்பெக்டர் தனக்குத் தானே ஒரு மெயில் அனுப்பினார். வந்து சேர்ந்ததும் அதன் முகவரியை ஃபைலோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டார்.

அதே நம்பர்!

"அப்போ இந்தக் கணக்குப்படி... கொலைகாரன் நான்தானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளி அசரவில்லை. "மூணுல ஒண்ணுதானே சார் அவன் வீடும்? வயரைப் பிடுங்கினேன்னு இவ சொல்றா. பாத்தது யாரு?"

அவள் பத்து நாளும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது பிளாஸ்டிக் உறை அதிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்துப் பார்த்தார். கம்பெனியின் தானியங்கி மெசேஜ்.

'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வீட்டு இணைப்பு சனிக்கிழமை காலை 11.02 முதல் செயலிழந்துள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

மேலே தள்ளினார். ஒரு நாளைக்கு ஒன்று. பத்து மெசேஜ்கள். முதலாவது, அந்தச் சனிக்கிழமையே வந்தது. இத்தனை நாளும் அவருடைய மேஜை டிராயருக்குள்ளேயே கிடந்திருக்கிறது சாட்சி.

அவள் முகத்தைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"மெயில் போனது பதினொண்ணு இருபது. அதுக்கு முன்னாடியே அவன் வீட்டு வாசல் மூடியாச்சு. மீதி ரெண்டு வாசலுக்கும் சாவி யாருகிட்ட சார்?"

முதலாளியின் கை, தன்னையறியாமல் இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டது.

"உங்க கம்பெனியில ஒழுங்கா வேலை பாத்தது ரெண்டே பேரு. ஒருத்தனை மாடியிலேருந்து தள்ளிட்டீங்க. இன்னொண்ணு இந்த மெசேஜ். வாங்க போவோம்."

இரண்டு மாதம் கழித்து, கம்பெனிக்கு வந்த புது நிர்வாகி அவளுக்கு போன் செய்தார். லைனில் ஒரு கோளாறும் இல்லையாம், வயரைச் சொருகினால் போதுமாம்.

மோடத்தின் பின்னால் அது அன்றைக்குப் பிடுங்கியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும் சார்," என்றாள். "எங்கண்ணன் இன்னும் சொருகச் சொல்லலை."