எட்டு ஜக்குத் தண்ணீர்

வியாழக்கிழமை, காலை 10.20.

முதலில் விழுந்தவன் தர்ஷன். எலுமிச்சம்பழத் தண்ணீரைக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், கண்ணு மங்கலா இருக்கு" என்றான். கிருஷாந்தி டீச்சர் திரும்பிப் பார்ப்பதற்குள் மேசைக்கடியில் சரிந்துவிட்டான். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை கொட்டியது.

பத்து நிமிடத்திற்குள் இன்னும் நான்கு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடம் அது. இரண்டாம் வகுப்பில் மொத்தம் பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் ஏழு வயது.

10.40. தோட்டத்து ஸ்டோருக்குப் பொறுப்பான ஜெயகாந்தன் சின்ன லொறியை விரட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அவருடைய மகள் நிலக்ஷியும் அதே வகுப்புதான். நல்லவேளை, அவளுக்கு ஒன்றுமில்லை. அவரும் பள்ளிக்கூட அதிபர் முத்துலிங்கமும் ஐந்து பிள்ளைகளையும் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். லொறி போனதும் அதிபர் வகுப்பறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

11.50. ஹட்டனிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கினார் சர்மிளா. ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகர். மாதம் ஒருமுறை வந்து, பிள்ளைகள் வாராவாரம் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. வாசலில் தேயிலைக் கொழுந்துப் பையைக்கூட இறக்காமல் தாய்மார் கூட்டமாக நிற்பதைப் பார்த்ததும் அவர் நடையை எட்டிப் போட்டார்.

"எங்க புள்ளைங்களுக்கு என்னத்தக் கலந்து குடுத்தா அவ? வெளிய வரச் சொல்லுங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

உள்ளே, அதிபர் அறையில், கிருஷாந்தி சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது. வேலை கிடைத்து எட்டு மாதம்தான். எதிரில் பொலிஸ் சார்ஜன் ரத்நாயக்க.

"மேடம், ஆஸ்பத்திரியிலருந்து டொக்டர் ரெண்டு தடவ போன் எடுத்துட்டாரு" என்றார் முத்துலிங்கம். "ஏதோ தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துதானாம். அது என்ன மருந்துன்னு பேரு தெரியணுமாம். பேரு தெரியாம மாத்து மருந்து குடுத்தா அதுவே ஆளக் கொன்னுடுமாம். தர்ஷனுக்கு மெசின்ல மூச்சு ஓடுது. ரெண்டு மணிக்குள்ள தெரிஞ்சா நல்லதுங்கிறாரு."

"சாமானெல்லாம் அனுப்பிச் சோதிக்க நாள் எடுக்கும்" என்றார் சார்ஜன். "இந்த மிஸ்ஸுக்குத்தான் தெரியும். சொல்ல மாட்டேங்கிறாங்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போறேன்."

"பத்து நிமிசம் குடுங்க சார்" என்றார் சர்மிளா.

கதவோரம் நின்ற கடைக்காரர் பைஸருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வாசலில் சிலர் அவருடைய சீனியையும் சந்தேகப்பட்டார்கள். கடையை அடைத்துவிட்டு நேரே வந்திருந்தார். "என்ட கடச் சீனிதான் சார். இந்தா பாருங்க!" என்று, சார்ஜன் எடுத்து வைத்திருந்த, வகுப்பில் மிச்சமான பக்கெட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். சார்ஜன் பதறிப்போனார். பைஸருக்கு ஒன்றும் ஆகவில்லை, இருமல் மட்டும் வந்தது.

சர்மிளா கிருஷாந்தியின் முன்னால் குந்தினார்.

"சீனி?"

"ஒரே பக்கெட்டு மேடம்."

"பழம்?"

"ஒரே பை."

"தண்ணி?"

"ஒரே கேத்தல். நேத்து அளக்கிறதுக்குப் பச்சத்தண்ணி. இன்னிக்குக் குடிக்கிறது, குளிர் வேற, அதனால நல்லாச் சூடாக்கினேன்."

"அப்ப எல்லாருக்கும்தானே வருத்தம் வரணும்?"

"மூணு குழு மேடம். ஒவ்வொரு குழுவும் அதோட ஜக்குல கலந்திச்சு. விழுந்ததெல்லாம் தாமரைக் குழு."

"குழுவுக்கு ஆறு பேரு. விழுந்தது அஞ்சு."

"நிலக்ஷிக்கு இருமல். அவளுக்கு என் கோப்பையில வெறும் சுடுதண்ணி குடுத்தேன்."

"ஜக்கு யாரோடது?"

"புதன்கிழமைக்கு வீட்டுலருந்து கொண்டாரச் சொன்னேன். காலையில மேசையில இருந்திச்சு. யாரு கொண்டாந்ததுன்னு எழுதி வைக்கல. தாமரையோடது வெள்ளை ஜக்கு." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "தர்ஷன் பொழைச்சிடுவானா மேடம்?"

சர்மிளா எழுந்து அதிபரிடம் வகுப்பறையைத் திறக்கச் சொன்னார். தெரியாததை அவர் சொல்வதில்லை.

12.20. அதிபர் வகுப்பறையைத் திறந்தார். பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாயிற்று, நிலக்ஷி மட்டும் அப்பா வரட்டும் என்று வராந்தா வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அறையில் புளித்த வாடை. மூன்று மேசைகளில் மூன்று ஜக்குகள். சிவப்பு, பச்சை, வெள்ளை. மூன்றிலிருந்தும் சார்ஜன் ஏற்கெனவே மாதிரி எடுத்திருந்தார்.

சிவப்பு ஜக்கிலும் பச்சை ஜக்கிலும் எறும்பு மொய்த்தது. வெள்ளை ஜக்கைச் சுற்றி ஒரு எறும்புகூட இல்லை. சர்மிளா குனிந்து பார்த்தார். உள்ளே சீனிப் பிசுக்கும் இல்லை, எலுமிச்சை விதையும் இல்லை. அடியில் மட்டும் துருக் கலரில் ஒரு வட்டக் கறை.

"எறும்பும் விசத்துக்குப் பயந்திருக்கும்" என்றார் முத்துலிங்கம்.

"பயந்திருக்கலாம் சார். விதை எங்க போச்சு?"

அதிபரும் குனிந்து ஜக்குக்குள் பார்த்தார்.

சுவரில் அந்த வாரத்துக்கான அட்டை தொங்கியது. திங்கள், அவரை விதை நடுவோம். செவ்வாய், களிமண். புதன், அளந்து பார்ப்போம். வியாழன், நாங்களே செய்வோம். வெள்ளி, கதை. அதன் கீழே நேற்றைய தாள்கள் மூன்று. ஒரு வாளியை நிரப்ப எத்தனை ஜக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் எண்ணி, ஜக்குகளைப் படமாக வரைந்திருந்தது. ரோஜா ஆறு. மல்லிகை ஏழு. தாமரை எட்டு.

தாமரைத் தாளில் ஒவ்வொரு ஜக்கின் நடுவிலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருந்தது. எட்டிலும் ஒரே இடத்தில்.

"சும்மா அழகுக்குப் போட்டிருக்கும் மேடம்."

"இருக்கலாம் சார். அந்த வாளியக் கொஞ்சம் எடுங்க."

கையில் பிளாஸ்டிக் சொப்பின் பையை மாட்டிக்கொண்டு, சர்மிளா சிவப்பு ஜக்கால் வாளியை நிரப்பினார். சரியாக ஆறு. கொட்டிவிட்டுப் பச்சை. சரியாக ஏழு. சார்ஜன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிள்ளைகள் மூச்சுக்குத் திண்டாடும்போது இந்த அம்மா தண்ணீர் அளந்து விளையாடுகிறாரே என்று அவருக்கு எரிச்சல்.

மூன்றாவது, வெள்ளை ஜக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் வாளி வழிந்து, அதிபரின் காலும் சப்பாத்தும் நனைந்தன.

"பிள்ளைகள் எண்ணினது மிஸ். பிழை விட்டிருக்கும்" என்றார் சார்ஜன்.

"ரெண்டு குழு சரியா எண்ணியிருக்கு. இந்தக் குழு மட்டும் அஞ்சை எட்டுன்னு எண்ணுமா?" சர்மிளா வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "நிலக்ஷி, இங்க வாங்கம்மா. இத யாரு எண்ணுனது?"

"நான் தான்."

"எத்தனை?"

"எட்டு." சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் உதடு துடித்தது.

"இந்தச் சிவப்புக் கோடு?"

நிலக்ஷி கேட் பக்கம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"வேணாம்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். போய் உக்காருங்க."

சர்மிளா மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து மலை மலையாக மருந்து அடித்தவர். எண் வாசிக்கத் தெரியாத ஆட்களுக்காக ஸ்டோரில் மருந்து அளக்கும் ஜக்கில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோடு வரைக்கும் ஊற்றினால் ஒரு டாங்கிக்குச் சரி. அந்தக் கோட்டை இந்தப் பிள்ளைகள் அச்சு அசலாக வரைந்து வைத்திருக்கிறார்கள்!

1.05. லொறி திரும்பி வந்தது. ஜெயகாந்தன் மகளைக் கூட்டிப்போக இறங்கினார். சட்டையெல்லாம் பிள்ளைகளின் வாந்தி காய்ந்திருந்தது. சர்மிளா நேரே அவரிடம் போனார்.

"பழைய லொறியாச்சே. ஏத்தத்துல சூடாகலியா?"

"சூடாச்சுங்க மேடம். ரெண்டு எடத்துல நிப்பாட்டித் தண்ணி ஊத்துனேன்."

"எதால ஊத்துனீங்க?"

"போத்தலால."

"ரேடியேட்டருக்குன்னு ஒரு வெள்ளை ஜக்கு வச்சிருப்பீங்களே. அது எங்க?"

ஜெயகாந்தனின் முகம் செத்துப்போயிற்று.

"நான் சொல்றேன்" என்றார் சர்மிளா. "அது உள்ள, தாமரை மேசையில இருக்கு. அடியில ரேடியேட்டர் துரு. பழச்சாறு ஊத்தின தடயமே இல்ல. அதுல அஞ்சு ஜக்குக்கு வாளி வழியுது, பிள்ளைங்க எட்டு எண்ணியிருக்காங்க. காலையில பிள்ளைங்க விழுந்தப்ப அங்க இருந்தது வேற ஜக்கு, சின்னது, சிவப்புக் கோடு போட்டது. நீங்க வந்த பெறகுதான் மாறியிருக்கு. நீங்க போனதும் ரூமைப் பூட்டிட்டாங்க. ஸ்டோர்லருந்து கழிக்கிற எந்தச் சாமானும் அடியில ஓட்டை போடாம வெளிய வரக் கூடாது. ஸ்டோர் சாவி உங்ககிட்டதான் இருக்கு. அண்ணே, நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். பேரச் சொல்லுங்க. அதுல அளந்த மருந்தோட பேரு."

"மூணு தடவ சவுக்காரம் போட்டுக் கழுவினேன் மேடம்" என்றார் ஜெயகாந்தன். குரலே எழும்பவில்லை. "புது ஜக்கு வந்திச்சு. பாப்பா ஸ்கூலுக்கு ஜக்கு வேணும்னு ரெண்டு நாளா அழுதுச்சு. ஓட்டை போட்டா தண்ணி அளக்க ஏலாதேன்னு..."

"கைப்பிடிக்கு உள்ள பொந்து. அங்க காஞ்சு கெடந்தது கழுவுனாப் போகாது. நேத்துப் பச்சத்தண்ணிக்குக் கரையல. இன்னிக்குச் சுடுதண்ணிக்குக் கரைஞ்சிருச்சு."

"வேலை போயிடும், குவாட்டர்ஸ் போயிடும்னு பயந்துட்டேன். டொக்டருங்களே கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நெனச்சேன்."

"அவங்க கண்டுபிடிக்கல!" சர்மிளா முதல் தடவையாகக் கத்தினார். "ரெண்டு மணி நேரமா தேடுறாங்க! பேரு!"

ஜெயகாந்தன் மருந்தின் பெயரைச் சொன்னார். 1.14. அதிபர் அதைப் போனில் ஒவ்வொரு எழுத்தாக டொக்டருக்குச் சொன்னார். லொறி சீட்டுக்கடியில், சாக்கில் சுற்றியிருந்த சின்ன வெள்ளை ஜக்கைச் சார்ஜன் எடுத்தார். நடுவில் சிவப்புக் கோடு இருந்தது.

4.30க்கு அழைப்பு வந்தது. தர்ஷன் தானாக மூச்சு விடுகிறான். மற்ற நாலு பேருக்கும் ஆபத்தில்லை. கிருஷாந்தி அதிபர் அறையின் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காலையில் அவளை வெளியே வரச் சொல்லிக் கத்தியவள் தர்ஷனின் அம்மா சுலக்ஷனாதான். அவளே வந்து கிருஷாந்தியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம், புதன்கிழமை, காலை 9.15. சர்மிளா மறுபடி வந்தார். தர்ஷன் முன்வரிசையில் இருந்தான், கொஞ்சம் மெலிந்திருந்தான். இந்தத் தடவை பாத்திரங்களை எல்லாம் பைஸர் தன் கடையிலிருந்து புதிதாகக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் கூச்சலோடு தண்ணீர் அளந்தார்கள். நிலக்ஷி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய அப்பாவின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

"நீங்க எண்ணலையா?" என்று சர்மிளா அவள் பக்கத்தில் குந்தினார்.

"மேடம், நான் அன்னிக்கு அஞ்சுன்னு எழுதியிருந்தா, அப்பா வீட்டுல இருந்திருப்பாங்கதானே?"

பொய் சொல்லத் தெரியாத சர்மிளாவின் வாய், உண்மையைச் சொல்லவும் தயங்கியது.

"இருந்திருப்பாங்க" என்றார் கடைசியில். "தர்ஷன் இருந்திருக்க மாட்டான்."

நிலக்ஷி முன்வரிசையைப் பார்த்தாள். தர்ஷன் ஜக்கைத் தூக்க முடியாமல் தூக்கி, பாதித் தண்ணீரைத் தன் சப்பாத்திலேயே ஊற்றிக்கொண்டிருந்தான். பிறகு போய் ஜக்கின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"ஒண்ணு" என்றாள்.