பட்டன் படுப்பதில்லை

பட்டன் படுப்பதை விட்டுவிட்டது. நாகஜோதிக்கு அது உறைக்கவே நாலு நாளாயிற்று. காலையில் பால் காய்ச்சப் போகும்போது ஹாலில் நின்றது. மத்தியானம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றது. சித்திரை வெயிலில் கரண்டும் போய், பசுமலைத் தெருநாயெல்லாம் சாக்கடை ஓரத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிற நேரத்திலும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, கண்ணை மட்டும் லேசாக மூடி, நின்றபடியே தூங்கியது. நாய் நின்றுகொண்டு தூங்கும் என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை. காலில் ஏதும் வலியோ என்று அமுக்கிப் பார்த்தாள். வலி இருக்கிற நாய் முனகும். இது அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது வந்ததே ஒரு கூத்து. அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் தீப்தி, டவுனுக்குள் ஃப்ளாட்டில் இருப்பவள், கைப்பைக்குள் அடங்குகிற ஜாதி என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிய வெள்ளைப் பொமரேனியன் குட்டி. நாலே மாதத்தில் அது பையை மீறி, கூடையை மீறி, அவள் மடியையும் மீறி வளர்ந்துவிட்டது. "இவ்ளோ பெருசா ஆகும்னு யாருமே சொல்லலக்கா. பார்க்கவே என்னமோ மாதிரி இருக்கு, நீங்க எடுத்துக்கோங்க" என்று சங்கிலியைக் கையில் திணித்துவிட்டாள். போட்டதைத் தின்று வளர்ந்ததைத் தவிர அந்தக் குட்டி ஒரு தப்பும் செய்யவில்லை.

வீட்டில் அதற்கு ராஜ மரியாதை கிடைத்தது. மகள் அஸ்வினிக்கு ஏழு வயது. அவளும் பட்டனும் ஒரே பாயில் உருண்டார்கள். அஸ்வினி குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கிலோகூட இல்லாமல் கைக்கு வந்த பிள்ளையை விரற்கடை விரற்கடையாக வளர்த்தவள் நாகஜோதி. அறை வாசல் நிலையில் பென்சிலால் போட்ட கோடுகளைத்தான் அவள் தன் சொத்து என்று நினைத்திருந்தாள். படுத்திருக்கும் பிள்ளையை யாராவது தாண்டினால் வளர்த்தி நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். புருஷன் அருள்பாண்டி லாரியில் பத்து நாள் சுற்றிவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வந்தாலும், தவறித் தாண்டிவிட்டால் விடமாட்டாள். பிடித்து நிறுத்தித் திரும்பத் தாண்ட வைத்த பிறகுதான் சோறு.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் பிச்சுமணி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "சின்ன நாய்னா வச்சுக்கோங்கோ. முட்டிக்கு மேல வளர்ந்துடுத்துன்னா இங்க ஆகாது."

குட்டியின் தலை முட்டியைத் தொட்ட அன்று அவர் மாடிப்படியில் நின்று அதை ஒரு தினுசாகப் பார்த்தார். அஸ்வினி ராத்திரி சாப்பிடவில்லை. நாகஜோதிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வளர வேண்டியதைத் தாண்டக்கூடாது, சரி. வளரக்கூடாததைத் தாண்டினால் என்ன? அறை வாசலில் குறுக்கே படுத்திருந்த பட்டனை வேண்டுமென்றே தாண்டி அறைக்குள் போனாள். திரும்பத் தாண்டவில்லை. அடுப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

பட்டன் தலையைத் தூக்கி அவள் காலைப் பார்த்தது. சோறு வைத்தும் எழுந்து வரவில்லை. அவள் திரும்பத் தாண்டுவாள் என்று அதே இடத்தில் விடியும்வரை காத்துக் கிடந்தது. ஒரு தடவை போதாதோ என்று மறுநாளும் தாண்டினாள். அதற்கு மறுநாளும். முப்பத்தொரு நாள், போகும்போது நாயைத் தாண்டி, வரும்போது அடுப்படியைச் சுற்றி. நிலையில் அஸ்வினியின் கோடுகளுக்குக் கீழே பட்டனுக்கும் ஒரு கோடு போட்டிருந்தாள். அது அதற்கு மேல் ஏறவே இல்லை.

"பரவாயில்லையே, அளவா நின்னுடுத்து" என்றார் பிச்சுமணி. நாகஜோதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் பட்டன் படுப்பதை நிறுத்தியது.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருக்கும்போது, போன வருஷத்து யூனிஃபார்ம் பாவாடையைப் பிரித்து இறக்கம் கூட்டலாம் என்று மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். மடிப்பைப் பிரிக்காமலே பாவாடை முட்டிக்குக் கீழே தொங்கியது.

"லூசாயிருச்சும்மா" என்று சிரித்தாள் அஸ்வினி.

நாகஜோதி அவளை இழுத்துப்போய் நிலையில் ஒட்டி நிறுத்தினாள். பொங்கலுக்குப் போட்ட கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது உச்சந்தலை.

அன்று மத்தியானம் கரண்டு போனது. ஃபேன் ஓய்ந்ததும் சுவர்க்கடிகாரமும் நகத்தின் சத்தமும் மட்டும் கேட்டன. டக். டக். மிஷினில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். பாயில் தூங்கும் அஸ்வினியின் பக்கத்தில் நின்ற பட்டன், முன்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அவளுக்கு அந்தப் பக்கம் வைத்தது. பிறகு பின்கால்களை. விரிந்த முடியில் ஒன்றுகூடப் பிள்ளை மேல் படவில்லை. அப்படியே அறைக்குள் போய், அடுப்படி வழியாகச் சுற்றி வந்து, பழைய இடத்தில் நின்றது. மறுபடியும் முன்காலைத் தூக்கியது.

அவள் அலறிக்கொண்டு ஓடி அதன் கழுத்தைப் பிடித்தாள். திரும்பத் தாண்ட வைக்க இழுத்தாள். நாய் அசையவில்லை. பன்னிரண்டு கிலோ நாயைத் தூக்கினால் மிஷினைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

போனில் சொன்னபோது அருள்பாண்டி சிரித்தான். "நாய்னா தாண்டத்தான் செய்யும். புடிக்கலைன்னா கொண்டு போயி விட்டுட்டு வா."

"அதைக் கொண்டு போயி விட்டுட்டா, திரும்பத் தாண்டுறது யாருங்க?"

அவனுக்கு அது புரியவில்லை. அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அவள் கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பட்டன் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினாள். "படுடா. நான் செஞ்சது தப்புதான். ஒரு நிமிஷம் படு, எம்புட்டு தடவை தாண்டுனேனோ அம்புட்டும் திரும்பத் தாண்டிர்றேன்." முதுகை அமுக்கினாள். அது நின்றது. குளியலறையில் அடைத்தாள், அழுகிறது என்று அஸ்வினி திறந்துவிட்டாள். தையல் டேப்பை அது கடித்துத் துண்டு துண்டாகப் போட்டிருந்தது.

கடைசியில் அவளே மதில் ஆனாள். மத்தியானம் அஸ்வினி படுத்தால் தானும் அவளை அணைத்துக்கொண்டு நாய்ப் பக்கமாகப் படுத்தாள். கண்ணைச் சொக்கும், கனவில் நாய்முடியின் சூடு முகத்தின் மேல் போகும். எழுந்ததும் பிள்ளையைச் சாண் போட்டு அளப்பாள். டேப் இல்லாமல் சாணிலேயே ஜாக்கெட் தைத்துப் பழகியவள் அவள். அவளுடைய சாண் ஒன்பது அங்குலம், பிசகாது. ஐந்து சாணுக்கு ஒரு விரல் குறைச்சல். மறுநாளும் ஐந்து சாணுக்கு ஒரு விரல் குறைச்சல். ஒரு வாரமாக அதேதான். பிள்ளை எப்போதும் போலத் தன் மார்பளவில் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் நாகஜோதிக்கு அழுகை வந்தது, குறைவது நின்றுவிட்டது என்ற நிம்மதியில். அடுப்படி மேடை மட்டும் எட்டவில்லை, முக்காலி போட்டுக்கொண்டாள். துவைத்துத் துவைத்து நைட்டி இறங்கிவிட்டது. தூக்கமில்லாத உடம்புக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

எட்டாம் நாள் மத்தியானம் ஜன்னலில் குரல் கேட்டது. எதிர்வீட்டு பாண்டிமீனா. "ஜோதி, நீ தச்ச ஜாக்கெட்டுல கையே நுழையலடி. சின்னப்பிள்ளைக்குத் தச்ச மாதிரி இருக்கு. நீ கேட்ட டேப்பையும் வாங்கியாந்திருக்கேன்."

"சாண் போட்டுத்தானக்கா தச்சேன், எப்படி..." என்று நாகஜோதி ஜன்னலுக்கு வந்தாள்.

பாண்டிமீனா கம்பி வழியே கீழே குனிந்து பார்த்தாள். "என்னடி, முடியலையா? உக்காந்துக்கிட்டே பேசுற. எந்திரி."

நாகஜோதி நின்றுகொண்டிருந்தாள்.

பாண்டிமீனாவுக்கு வெயில் கண்ணை மறைத்தது போல. "படுத்து எந்திரி, சாயங்காலம் வாரேன்" என்று ஜாக்கெட்டும் டேப்பும் இருந்த பையை உள்ளே போட்டுவிட்டுப் போய்விட்டாள். நாகஜோதி டேப்பை எடுத்துத் தரையில் விரித்து அதன் மேல் கையை வைத்தாள். கட்டைவிரல் ஒன்றில். சுண்டுவிரல் நுனி ஆறில்.

ஐந்து அங்குலம்.

அவள் தெருவாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. முக்காலி அடுப்படியில். அடுப்படி வாசலில் பட்டன் நின்றது. கத்தினாள், தன் குரல் தனக்கே மெல்லியதாகக் கேட்டது. தூங்கும் மகளை வாரி எடுத்து இரண்டு எட்டு வைத்தாள். நைட்டி காலில் சுற்றியது. விழுந்தாள். பிள்ளைக்கு அடிபடாமல் அவளைக் கீழே போட்டு, மேலே கவிழ்ந்துகொண்டாள்.

படுத்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

டக். டக்.

வெள்ளை வயிறு மேலே கடந்தது. நகச் சத்தம் அறைக்குள் போனது. அடுப்படி. திரும்பவும் ஹால். எழ முயன்றாள். நைட்டித் துணி மேலே மேலே வந்து மூடியது. இன்னொரு தடவை. அடுப்படி. இன்னொரு தடவை. எண்ணினாள். பன்னிரண்டு. பத்தொன்பது. கீழே அஸ்வினியின் மூச்சு சின்னதாகிக்கொண்டே போனது. முப்பது.

முப்பத்தொன்று.

சத்தம் நின்றது. வெகு நேரம் கழித்து நாகஜோதி துணிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். பாண்டிமீனாவுக்குக் கை நுழையாத ஜாக்கெட் பக்கத்தில் கிடந்தது. அதில் தன்னைச் சுற்றிக்கொண்டு, மிச்சத்தில் மகளை மூடினாள். அறை வாசல் வெகு தொலைவில் இருந்தது. நடந்தாள். நிலையில் பட்டனுக்குப் போட்ட கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது.

வாசலில் பட்டன் படுத்திருந்தது. குறுக்கே, முதல் நாள் படுத்த அதே இடத்தில். தலையைத் தூக்கி அவள் காலைப் பார்த்தது. அவள் திரும்பத் தாண்டுவதற்காகக் காத்திருந்தது.

நாகஜோதி அருகில் போய் நின்றாள். மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிய அந்த வெள்ளை முதுகு, அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.