இரண்டாவது தொப்பி

சந்தேக நபருக்கு ஒரு தொப்பி, விசாரிக்கும் அதிகாரிக்கு ஒரு தொப்பி. இரண்டும் இல்லாமல் தூத்துக்குடியில் எந்த விசாரணையும் தொடங்காது.

இன்ஸ்பெக்டர் செண்பகம் தன் தொப்பியை மாட்டிக்கொண்டாள். எதிரே படகு மெக்கானிக் மாசானம். ஒரு விசைப்படகை எரித்ததாகச் சந்தேகம்.

"ஜெபசீலன் சார் எல்லாம் கேட்டுட்டு, போலாம்னு விட்டுட்டாவளே, மேடம்."

"அவரு விட்டா நானும் விடணுமால?"

அவளை உறுத்தியது அதுதான். அவளும் ஜெபசீலனும் ஒன்றாகப் பயிற்சி முடித்தவர்கள். அவனுக்கு மூன்று பதக்கங்கள், இவளுக்கு ஒன்றுகூட இல்லை. அவன் விட்டவனை இவள் பிடித்துக் காட்டவேண்டும்.

மனத்தைத் தொடும் எதையாவது கண் பார்த்தால், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் மூளையில் ஓர் அலை எழும். பொய் சொல்ல அதற்கு நேரமில்லை. தொப்பிக்குள் இருக்கும் அலைமானி அதைத் தாளில் வரைந்துவிடும். ஆனால் போலீஸ் தனக்கு வேண்டிய விடை வரும்படி படங்களை அடுக்கினால்? அதனால்தான் படம் காட்டுபவரின் அலையையும் பதிவுசெய்யும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

எரிந்த படகின் படத்தைக் காட்டினாள். மாசானத்தின் கோடு அசையவில்லை. டீசல் கேனுக்கு மட்டும் எழுந்தது. இது இனிச் செல்லாது என்று அவனை மிரட்ட, ஜெபசீலன் கையெழுத்திட்ட விடுவிப்பு உத்தரவையும் காட்டினாள். அசைவில்லை. கேன் போதும் என்று கைது செய்தாள். தன் அலை பதிவான தாளைப் பார்க்காமலே கோப்பில் வைத்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

மாசானத்தின் வக்கீல் பர்வீன் அந்தத் தாளைத்தான் நீதிமன்றத்தில் தூக்கிக் காட்டினார்.

"மெக்கானிக்குக் கேன் தெரியாதா, ஐயா? படகைப் பார்த்தப்போ மேடத்துக்கு ஒண்ணும் ஆகல. கையெழுத்தைப் பார்த்ததும் அலை தாளைத் தாண்டிப் போகுது. இவங்க பிடிக்க நினைச்சது யாரை?"

மாசானம் விடுதலையானான். இனி ஒவ்வொரு கைதுக்கு முன்பும் அதிகாரி தொப்பி அணிந்து கைதுப் படிவத்தைப் படிக்கவேண்டும், வழக்குக்குச் சம்பந்தமில்லாத அலை எழுந்தால் கைது செல்லாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அதற்குச் 'செண்பகம் தீர்ப்பு' என்று பெயர் வந்தது.

ஆறு மாதம் கழித்து ஜெபசீலன் அழைத்தான்.

"படகை எரிச்சவன் ஒத்துக்கிட்டான். எதிர்ல உக்காந்து டீ குடிக்கான். என்னால கைது பண்ண முடியல."

"ஏன்?"

"படிவத்துல முதல் வரியே 'செண்பகம் தீர்ப்பின்படி'ன்னு உன் பேரு. பார்த்ததும் அலை எகிறுது. மூணு பதக்கம் வாங்கி என்ன, சட்டப் புத்தகத்துல உன் பேருல்லா இருக்கு! உன்னை விட்டா இங்க வேற இன்ஸ்பெக்டர் இல்ல. நீ வந்து புடி."

செண்பகம் சிரித்துக்கொண்டே போனாள். தொப்பியை மாட்டிப் படிவத்தைப் படித்தாள். அடியில், வழக்கை அவளிடம் ஒப்படைத்த ஜெபசீலனின் கையெழுத்து. கோடு தாளைத் தாண்டியது.

எதிரே இருந்தவன் டீயை முடித்து எழுந்தான்.

"அப்போ நான் வாரேன், சார். வாரேன், மேடம்."