தடித்த எழுத்தின் அகலம்

"என் எழுத்தை ஏங்க இப்படிக் கொன்னு வச்சிருக்கீங்க?"

குடையைக்கூட மடக்காமல் அச்சக வாசலில் நின்று கேட்டான், புதுப் புத்தகத்துக்கான எழுத்துருவை வரைந்தவன். கையில், அங்கே பக்கம் அமைப்பவள் அனுப்பிய மாதிரிப் பக்கம். எழுத்துகள் சண்டை போட்டவை போலத் தள்ளித் தள்ளி நின்றன.

"பக்கம் அமைக்கிற மென்பொருளுக்கு உங்க எழுத்தோட அழகு தெரியாதுங்க. எந்த எழுத்து எவ்வளவு அகலம்னு சொல்ற அளவுக் கோப்புதான் அதுக்குக் கண்ணு. அதை மென்பொருளுக்குப் புரியற வடிவத்துக்கு நான் சரியாத்தான் மாத்தியிருக்கேன். கோளாறு நீங்க வரைஞ்சதுல!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அவன் இமையில் ஒரு மழைத்துளி... துடைக்காமல் அவளையே பார்த்தான். கோபமா, கெஞ்சலா? என்ன கண்கள் இவை...

"அப்படியா? சரி... மறுபடி வரையறேன்."

மூன்று மாலைகள் புது வரைவோடு வந்தான். மூன்று முறையும் அதே இடைவெளி. அச்சகம் சித்தப்பாவுடையது. "முதல் தடவையா முழுப் புத்தகம் உன்னை நம்பித் தர்றேன். சொதப்பினா பழையபடி பிழை திருத்தப் போ" என்று சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் காலையில்தான் கண்டுபிடித்தாள். அவள் மாற்றியது தடித்த எழுத்தின் அளவுக் கோப்பை! அண்ணன் சட்டைக்குள் தம்பி போல, அந்த அகலத்துக்குள் மெல்லிய எழுத்துகள் தொளதொளவென்று... சத்தமில்லாமல் சரிசெய்தாள். யாருக்குத் தெரியப்போகிறது?

மாலையில் அவன் வந்தான். தூக்கமில்லாத கண்கள்.

"ஒரு வழியா உங்க கோளாறு தீர்ந்துது தம்பி!" என்றார் சித்தப்பா.

அவன் வெள்ளையாகச் சிரித்தான். அவளால் தாங்க முடியவில்லை.

"கோளாறு என்னோடது சித்தப்பா. தப்பான கோப்பை மாத்திட்டேன்."

சித்தப்பா மேசைமேல் இருந்த புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சொல்லாம விட்டிருக்கலாமே..." என்றான் அவன்.

"நீங்க ஏன் என்னைச் சந்தேகப்படவே இல்ல?"

"முதல் நாளே என் எழுத்தை அளந்து பார்த்தேங்க. சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்களா... அளவுகோல்மேலயே சந்தேகம் வந்துடுச்சு!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"நாளைக்கு வருவீங்களா?"

"வேலைதான் முடிஞ்சுபோச்சே..."

"அதான்! காலைல தப்பு எங்கேன்னு தெரிஞ்சதும், இனிமே வரமாட்டீங்களேன்னுதான் முதல்ல தோணுச்சு. எனக்கு என்ன ஆச்சுன்னே புரியல..."

"எனக்குப் புரியற மாதிரி இருக்கு. ஆனா நானா எதையும் நம்பறதில்ல இப்பல்லாம். நீங்களே சொல்லிடுங்க."

மழை ஓங்கிப் பெய்தது. அவள் அவன் காதருகே வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்களைப் பிடிச்சிருக்கு."