நாடாவுக்குப் பிடித்த சத்தம்

ஒரு தையற்காரருக்கு ஊசி என்றால் பயம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். பட்டனுடைய அப்பா அப்படித்தான்.

பட்டன் என்பது அவர் மகளுக்கு வைத்த செல்லப்பெயர். பிறந்தபோது அவ்வளவு குட்டியாக இருந்தாளாம். இப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் இன்னொரு செல்லமும் உண்டு. அதன் பெயர் நாடா. வந்த முதல் நாளே அப்பாவின் அளவு நாடாவில் பாதியைத் தின்று தீர்த்த நாய்க்குட்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

கீழே தையல்கடை, மேலே வீடு, நடுவில் பதினான்கு படிகள். பகல் முழுவதும் நாடா தையல் மிஷினுக்கு அடியில்தான் படுத்திருக்கும். டகடகடக என்று மிஷின் ஓட ஆரம்பித்தால் போதும், அதற்குக் கண் சொக்கிவிடும். பட்டன் பள்ளியிலிருந்து வந்து படியேறினால், வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறும். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் அதன் படுக்கை.

படியேறியதெல்லாம் போன வருடக் கதை. இப்போது நாடாவுக்குப் பன்னிரண்டு வயது. பின்னங்கால் மூட்டுகளில் வலி. முதல் படியில் முன்னங்கால்களை வைத்துவிட்டு, பட்டனை அண்ணாந்து பார்க்கும். அப்படியே நிற்கும். தூக்கினால் வலியில் முனகும். பட்டனுக்கு அழுகை அழுகையாக வரும்.

"மாத்திரை மட்டும் போதாது போலிருக்கு. அக்குபங்சர் செஞ்சு பாக்கலாமா?" என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

"அப்படின்னா என்ன டாக்டர்?" என்றாள் பட்டன்.

"முடி மாதிரி மெல்லிசான ஊசி கண்ணு. இடுப்புல, முதுகுல இடம் பாத்துக் குத்தி, கால் மணி நேரம் அப்படியே விடணும். சிலதுக்குக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. இது அதுக்குத் துணை."

"குத்தி... அப்படியே... விடணுமா?" அப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

டாக்டர் கோட்டுப் பைக்குள் தெர்மாமீட்டரைப் போட்டார். அது கிழிசல் வழியாகப் பொத்தென்று கீழே விழுந்தது. அவர் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அப்பாவை நாடாவின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் ஊசி போனது. நாடா கொட்டாவி விட்டது.

இரண்டாவது ஊசி போவதற்குள் அது துள்ளிக் குதித்து, நாற்காலிக்கு அடியில் போய் நடுங்கியது. அடுத்த வாரமும் அதே கூத்து.

"மூணாவது தடவையும் இப்படின்னா விட்டுடலாம் சார்," என்றார் டாக்டர். "பயப்படுற பிள்ளையை அமுக்கிப் பிடிச்சுக் குத்துறது எனக்குப் பிடிக்காது."

வீட்டில் அம்மா சிரித்தாள். "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஊசியோட குடும்பம் நடத்துற மனுஷனுக்கு ஊசின்னா பயமாம்!"

"அது துணியில போற ஊசி, இது தோல்ல போற ஊசி. ரெண்டும் ஒண்ணா?" என்றார் அப்பா. "அதுவுமில்லாம, எனக்கென்ன பயம்? நாய்தான் பயப்படுது!"

பட்டன் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்று உறுத்தியது. முதல் ஊசிக்குக் கொட்டாவி விட்ட நாய், இரண்டாவது ஊசிக்கு ஏன் துள்ளியது?

யோசிக்க யோசிக்க அந்தக் காட்சி கண்முன் வந்தது. முதல் ஊசியைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளுத்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. அந்தக் கைக்குள்தான் நாடாவின் தலை. ஊசிக்கா பயந்தது? அப்பாவுக்கு ஏதோ ஆபத்து என்றல்லவா அது பயந்திருக்கிறது!

சரி, அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்! அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் நாடாவும் ஓரிடத்தில் நிற்காது. என்னதான் செய்வது?

டகடகடக. கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டன் எட்டிப் பார்த்தாள். நாடா அடியில் சுருண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் கைகளில் ஒரு நடுக்கமும் இல்லை.

அவள் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"அப்பா, டாக்டரோட கோட்டுப் பையைப் பாத்தீங்களா?"

"பாக்காம என்ன! எந்த மகராசன் தைச்சானோ, நூலே பிடிக்கல."

"நம்ம கை மிஷினை எடுத்துட்டுப் போய் அங்கயே தைச்சுக் குடுத்துடலாமாப்பா? பாவம், தெர்மாமீட்டர் விழுந்துட்டே இருக்கு."

கிழிசல் என்றால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. உடனே தலையாட்டினார்.

மூன்றாவது தடவை, கை மிஷின் டாக்டரின் மேசைமேல் ஏறியது. அப்பா கோட்டை விரித்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். டகடகடக. நாடா காதைத் தூக்கியது. மெல்ல நடந்து போய் மேசைக்கு அடியில் படுத்து, ஒரு பெருமூச்சு விட்டது.

"டாக்டர்," என்று பட்டன் கிசுகிசுத்தாள். "இப்பப் போடுங்க."

டாக்டர் தரையில் மண்டியிட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து ஊசிகளும் போட்டாகிவிட்டது. நாடா குறட்டை விட்டது!

ஆனால் அப்பா கெட்டிக்காரத் தையற்காரர் ஆயிற்றே. ஊசி போட்ட இரண்டாவது நிமிடமே பையைத் தைத்து முடித்துவிட்டார். இன்னும் பதின்மூன்று நிமிடம் பாக்கி!

பட்டன் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அப்பா, இந்தத் திரை ஓரம் பிரிஞ்சிருக்கு. இந்தத் துண்டும்தான். இதோ இந்த மேசை விரிப்பு..."

"என்ன ஆஸ்பத்திரி இது, ஒண்ணுகூட உருப்படியா இல்லையே!" என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா தைத்துத் தள்ளினார். மேசைக்குக் கீழே அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தன் கை நடுங்கியதால்தான் நாடா துள்ளியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

வாரம் ஒரு தடவை இப்படியே போனது. தைக்கக் கிழிசல் தீர்ந்துபோய், டாக்டரே வீட்டிலிருந்து பழைய தலையணை உறைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம். பட்டன் பள்ளிப் பையோடு படியேறினாள். பின்னால் 'டக், டக்' என்று நகச் சத்தம். திரும்பினாள். நாடா மூன்றாவது படியில் நின்றது!

அவள் மூச்சுக்கூட விடவில்லை. நான்கு. ஐந்து. கொஞ்சம் இளைப்பாறல். ஆறு. ஏழு. எட்டு.

கீழே கடையிலிருந்து அப்பா அதைப் பார்த்துவிட்டார். கை நின்றது, கால் நின்றது, மிஷினும் நின்றது. சத்தம் நின்றதும் நாடாவும் நின்று திரும்பிப் பார்த்தது.

"அப்பா, நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள் பட்டன்.

டகடகடகடக! மிஷின் மறுபடி ஓடியது. ஒன்பது... பத்து... பதின்மூன்று... பதினான்கு!

பட்டன் நாடாவைக் கட்டிக்கொண்டாள். அது அவள் காதை நக்கிவிட்டு, நேராகக் கட்டிலருகே போய்த் தன் பழைய இடத்தில் சொகுசாகப் படுத்துக்கொண்டது.

கீழே அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஷினில் துணியே இல்லாமல், இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்.