எல்லாரும் இறங்கியாச்சு

சூட்கேஸின் அடியில், ஈரத் துண்டுக்குள் சுருண்டு கிடந்த ரிசீவரில் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

இலங்கையின் கலங்கரை விளக்கங்களைச் சுற்றிப் பார்த்த ஆறு நாளும், கைடு பேசுவது கேட்பதற்காக எல்லார் காதிலும் மாட்டிவிட்ட கருவி. திருப்பிக் கொடுக்க மறந்திருந்தாள். டூர் அழைத்துப்போன சிவபாண்டிக்குப் போன் செய்தாள் பிருந்தா.

"அண்ணே, ரிசீவர் ஒண்ணு என் பெட்டியில வந்துருச்சு."

"இருக்கட்டும்மா, நாளைக்கு வாரேன். கைடு தன்னோட மைக்கையே கடைசி விளக்குல, உச்சியில விட்டுட்டு வந்துட்டாரு. அது இல்லாம இதுல என்ன கேக்கப்போகுது?"

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கணவர் ராஜகுரு உள்ளே போய் ஒரு மணி நேரமாகிறது. கரண்ட் போய், வீட்டுக்குள் அந்தி கறுத்துக்கொண்டு வந்தது. மதுரையில், நாலாவது மாடியில், எங்கிருந்தோ பாசியும் உப்பும் கலந்த வாடை.

அந்தக் கடைசி விளக்கில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது ஆள் தங்காத, தானாக எரியும் விளக்கு. காலையிலிருந்தே இருவருக்கும் சண்டை. படம் எடுக்கிறேன் என்று அவர் உச்சியிலேயே நின்றுவிட்டார். மழை பிடித்தது. "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கைடு கேட்டபோது, "இறங்கியாச்சு" என்றாள். பத்து நிமிஷம் தவிக்கட்டும் என்றுதான். கதவைப் பூட்டினார்கள். வேனுக்கு வந்தால், அவளுடைய இருக்கைக்குப் பக்கத்தில் ராஜகுரு சொட்டச்சொட்ட உட்கார்ந்திருந்தார்.

முன்பே இறங்கியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால், இருபது வருஷமாக அவளிடம் சௌராஷ்டிரம் மட்டுமே பேசிய மனிதர், அந்த வேனிலிருந்து தமிழில்தான் பேசுகிறார்.

ரிசீவரைக் காதில் வைத்தாள்.

காற்று. பாறையில் அலை. அதற்கடியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ராஜகுருவின் குரல், தொண்டை கட்டி, சௌராஷ்டிரத்தில் அவள் பெயரைச் சொன்னது. கதவு பூட்டியிருக்கிறதாம். இரண்டு நாளாகத் தட்டுகிறாராம். விளக்கு அணைந்துவிட்டதாம். ஒரே இருட்டாம்.

"இங்க இருக்கேங்க..." வாய்விட்டுக் கத்திவிட்டாள். அதில் கேட்கத்தான் முடியும். பேச முடியாது.

தண்ணீர் நின்றது.

"யாருகிட்ட பேசுற?" குளியலறைக்குள்ளிருந்து. தமிழில்.

"யாருமில்ல."

கதவின் அடியிடுக்கில் வெள்ளை வெளிச்சம் ஒன்று நகர்ந்து போனது. இருட்டு. மறுபடி வந்தது. இருட்டு.

காதில் ராஜகுரு அழுதுகொண்டிருந்தார்.

தாழ்ப்பாள் விலகியது.

நின்றார். உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. கண்கள் மூடியிருந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

தொண்டைக்குள்ளிருந்து வெளிச்சம் பாய்ந்து அவள் முகத்தில் விழுந்தது. சுவரில் நகர்ந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப அவள்மேல் வந்து, நின்றது.